கடைசி வரியில் நின்ற எண்: கொலம்பியா விண்கலமும் ஒரு காலைக் கூட்டமும்

2003 ஜனவரி 24-ஆம் தேதி காலை, ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில் பொறியாளர்கள் சிலர் தங்கள் ஆய்வு முடிவை மேலாளர் ஒருவருக்கு விளக்கினார்கள். அறை நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாதவர்கள் நடைவழியில் வரிசையாக நின்று கேட்டார்கள். எட்டு நாட்களுக்கு முன் புறப்பட்டிருந்த கொலம்பியா விண்கலத்தின் இடது இறக்கையில் ஒரு நுரைத் துண்டு மோதியிருந்தது. விண்கலம் பத்திரமாகத் திரும்புமா என்பதுதான் கேள்வி. அன்று காட்டிய ஸ்லைடு ஒன்றின் அடிப்பகுதியில் இரண்டு எண்கள் இருந்தன: 1,920 கன அங்குலம், 3 கன அங்குலம். மோதிய துண்டின் பருமன் முதல் எண். கணக்கு முறையைச் சரிபார்க்க முன்பு நடத்திய சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் பருமன் இரண்டாவது எண். இரண்டுக்கும் இடையே 640 மடங்கு வேறுபாடு. அதாவது, அந்தக் குழு தன் முடிவுக்கு ஆதாரமாக வைத்திருந்த கணக்கு முறை இப்படிப்பட்ட மோதலுக்கு ஒருபோதும் சோதிக்கப்பட்டதில்லை.

யாரும் எதையும் மறைக்கவில்லை. எண் திரையிலேயே இருந்தது. ஆனாலும் முடிவெடுக்கும் இடத்திற்கு அது போய்ச் சேரவில்லை.

மேலாண்மை, ஆள் தேர்வு, விளக்கக்காட்சி ஆகியவற்றை நாம் பெரும்பாலும் மூன்று தனிப் பயிற்சிகளாகவே கற்கிறோம். வேலையில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இந்த நிகழ்வு. ஓய்வுபெற்ற அட்மிரல் ஹெரால்டு கெஹ்மன் தலைமையிலான கொலம்பியா விபத்து விசாரணை வாரியம் 2003 ஆகஸ்ட் 26 அன்று வெளியிட்ட அறிக்கையில் மின்னஞ்சல்கள், கூட்டப் பதிவுகள், ஸ்லைடுகள் என அலுவலக வாழ்க்கையின் சாதாரணப் பொருட்கள் ஏராளமாக உள்ளன. விண்வெளிப் பொறியியல் தெரியாதவரும் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஏனென்றால் அங்கே தவறிப்போனவற்றில் பாதி, எந்த அலுவலகத்திலும் எந்த வாரத்திலும் தவறிப்போகக்கூடியவை.

மோதல்

ஜனவரி 16 காலை 10:39 மணிக்கு ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கொலம்பியா புறப்பட்டது. அது அந்த விண்கலத்தின் 28-ஆவது பயணம். ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரரான இலான் ரமோன் ஆகிய ஏழு பேர் பதினாறு நாள் அறிவியல் பயணமாகச் சென்றார்கள். புறப்பட்டுச் சுமார் 82 வினாடிகளில், வெளி எரிபொருள் தொட்டியின் மேல் பூசப்பட்டிருந்த காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை முக்கால் கிலோ இருக்கும். மோதிய வேகமோ மணிக்கு 800 கிலோமீட்டர் அளவிலானது.

மறுநாள் புறப்பாட்டுப் படச்சுருள்களைப் பார்த்தவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல கோணத்தில் இருந்த கேமராவின் படம் தெளிவாக இல்லை. மோதியது தெரிந்தது, எந்த இடத்தில், எவ்வளவு சேதம் என்பது தெரியவில்லை.

நுரை பெயர்வது புதிதல்ல. விண்கலத்தின் மேல் எந்தச் சிதறலும் படக்கூடாது என்பதே மூல வடிவமைப்பு விதி. ஆனால் முதல் பயணத்திலிருந்தே சிதறல்கள் பட்டுக்கொண்டிருந்தன. விண்கலங்கள் திரும்பி வந்துகொண்டும் இருந்தன. பாதுகாப்புச் சிக்கலாகத் தொடங்கியது மெல்ல மெல்லப் பராமரிப்புச் சிக்கலாக மாறியது. 2002 அக்டோபரில், எஸ்டிஎஸ்-112 என்ற எண்ணிட்ட விண்கலப் பயணத்தின்போது, தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு துண்டு விழுந்து ராக்கெட் ஒன்றின் வளையத்தைச் சேதப்படுத்தியது. அதைக்கூட முறையான பறப்புக் கோளாறாகப் பதிவு செய்யவில்லை. அடுத்த விண்கலம் புறப்பட்டது. அதற்கடுத்தது கொலம்பியா.

“முன்பும் இப்படி நடந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை” என்ற வாக்கியத்தை நானும் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்பவர் பெரும்பாலும் அனுபவசாலியாக இருப்பார், அதனாலேயே அதற்கு எடை அதிகம். ஆனால் அந்த வாக்கியத்திற்குள் எத்தனை முறை நடந்தது, எந்த அளவில் நடந்தது, இம்முறை எது வேறு என்ற மூன்று விவரங்களும் இருப்பதில்லை.

அதிகாரம் தரப்படாத குழு

மோதலை ஆராய நாசா, அதன் ஒப்பந்த நிறுவனங்களான போயிங், யுனைடெட் ஸ்பேஸ் அலையன்ஸ் ஆகியவற்றின் பொறியாளர்களைக் கொண்ட ஒரு குழு கூடியது. சிதறல் மதிப்பீட்டுக் குழு என்று அதை அழைத்தார்கள். இத்தகைய சூழலில் சிறப்புக் குழு ஒன்றை முறைப்படி நியமிக்க நாசாவின் விதிகளில் இடம் இருந்தது. அந்தத் தகுதி இந்தக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு அறிக்கை தர வேண்டும், எதை ஆணையிட்டுப் பெறலாம் என்பவை தெளிவாகவில்லை. பயணத்தை நிர்வகித்த மேலாண்மைக் குழுவோ விதிப்படி தினமும் கூட வேண்டும். பதினாறு நாட்களில் அது கூடியது ஐந்து முறைதான். இடையில் மார்ட்டின் லூதர் கிங் நினைவுநாளோடு சேர்ந்த நீண்ட வார இறுதி விடுமுறையும் வந்தது.

மேலாளராக இருப்பவர்கள் இந்தப் பகுதியில் சற்று நிற்க வேண்டும். “நீங்கள் நாலு பேர் சேர்ந்து இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொல்லி அனுப்புவது மிக எளிது. அந்த நாலு பேருக்கு ஒரு சிக்கல் தெரிந்தால் அடுத்து யாருடைய கதவைத் தட்ட வேண்டும், எந்தச் செலவைக் கேட்காமலே செய்யலாம், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதைச் சொல்லாமல் அனுப்பினால், பொறுப்பு மட்டும் அவர்களிடம் போகும், அதிகாரம் போகாது. நியமனக் குறிப்பு அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் இங்கே எழுதப்படவில்லை.

மூன்று வேண்டுகோள்கள்

பொறியாளர்கள் செய்ய விரும்பியது நேரடியானது. பாதுகாப்புத் துறையின் தொலைநோக்கிகளையும் செயற்கைக்கோள்களையும் கொண்டு இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம். படம் கேட்டு மூன்று வேண்டுகோள்கள், மூன்று வெவ்வேறு வழிகளில் சென்றன. ஆய்வுக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவரான ராட்னி ரோச்சா தன் குழுவின் வேண்டுகோளைத் தனக்குப் பழக்கமான பொறியியல் பிரிவின் வழியே அனுப்பினார். பயண நிர்வாகத்தின் வழியே வராததால், அது உயிர் சம்பந்தப்பட்ட தேவை என்று மேலே யாருக்கும் தோன்றவில்லை. பொறியாளர்களின் ஆர்வம் என்ற அளவிலேயே அது பார்க்கப்பட்டது.

மேலாண்மைக் குழுவின் தலைவர் படம் கேட்பது யார் என்று விசாரித்தார். அந்த விசாரிப்பு ஆய்வுக் குழுவின் வாசல்வரை வரவில்லை. கட்டாயத் தேவை என்று யாரும் முன்வந்து சொல்லாததால் ஜனவரி 22 அன்று வேண்டுகோள்கள் கைவிடப்பட்டன. பாதுகாப்புத் துறையில் தொடங்கியிருந்த ஆயத்தமும் நின்றது.

கட்டாயத் தேவை என்று எப்படி நிறுவுவது? சேதம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சேதத்தைக் காட்டப் படம் வேண்டும். எலும்பு முறிந்திருப்பதை நிரூபித்தால்தான் எக்ஸ்ரே எடுப்போம் என்று ஒரு மருத்துவமனை சொல்வது போன்ற நிலை இது. வழக்கமாக நாசாவில் ஒரு செயல் பாதுகாப்பானது என்று நிரூபிப்பதுதான் பொறியாளரின் கடமை. இங்கே அது தலைகீழாகி, ஆபத்து என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. விசாரணை வாரியம் இதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியிருக்கிறது. 1986-இல், ஏவியவுடன் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவுக் கூட்டத்திலும் இதே தலைகீழ் மாற்றம் நடந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்தில் அது திரும்ப நடந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது.

வேண்டுகோள் மறுக்கப்பட்ட அன்று ரோச்சா ஒரு மின்னஞ்சல் எழுதினார். படம் கேட்காமல் விடுவது தவறான முடிவு, பொறுப்பின்மையின் எல்லையைத் தொடுவது என்று அதில் சொன்னார். பாதுகாப்பில்லை என்றால் சொல்லுங்கள் என்று நாசா வளாகமெங்கும் ஒட்டியிருந்த சுவரொட்டிகளை நினைவுபடுத்தி, நிலைமை அவ்வளவு தீவிரமானது என்றார். அச்செடுத்துச் சக ஊழியரிடம் காட்டினார். அனுப்பவில்லை. மேலதிகாரிகளின் வரிசையைத் தாண்டிப் போக அவர் விரும்பவில்லை.

அவரைக் குறை சொல்வது எளிது, நியாயமாகாது. சுவரொட்டி ஒட்டிய நிறுவனமே வரிசையைத் தாண்டாதே என்ற பாடத்தையும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. இரண்டு செய்திகள் மோதும்போது ஊழியர் எதை நம்புவார்? முன்பு ஒருவர் எதிர்த்துப் பேசியபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்து வைத்திருப்பார். அதைத்தான் நம்புவார்.

இரண்டே முறை பயன்படுத்தியவர்

சேதத்தைக் கணிக்க ‘கிரேட்டர்’ என்ற கணக்கு முறை பயன்படுத்தப்பட்டது. அதன் அடிப்படை அப்பல்லோ காலத்தியது. சிறு பனிக்கட்டிகளும் சிறு நுரைத் துண்டுகளும் வெப்பக் காப்பு ஓடுகளில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று மதிப்பிட அது உதவும். அதுவரை கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் இருந்த போயிங் பொறியாளர்கள்தான் அதை இயக்கியோ மேற்பார்த்தோ வந்தார்கள். அந்தப் பொறுப்பு ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டது. கொலம்பியாவுக்காக அதை இயக்கிய ஹூஸ்டன் பொறியாளர் முறையான பயிற்சி பெற்றவர், சான்றிதழும் உள்ளவர். ஆனால் அதற்குமுன் அதை இரண்டு முறைதான் பயன்படுத்தியிருந்தார். இவ்வளவு பெரிய துண்டுக்கு அது பொருந்துமா என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. ஹன்டிங்டன் பீச்சின் மூத்தவர்களை அவர் கலந்தாலோசிக்கவில்லை.

இந்த விபத்தைச் சொல்லும் கதைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆள் தேர்வும் பணி ஒப்படைப்பும் செய்பவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். சான்றிதழ், ஒருவர் ஒரு கருவியை இயக்கக் கற்றிருக்கிறார் என்பதைச் சொல்லும். கருவி எங்கே பொய் சொல்லும் என்பதை அவர் அறிவாரா என்று சொல்லாது. அந்த அறிவு பல ஆண்டுகள் அதே கருவியோடு மல்லுக்கட்டியவரிடம் தங்கியிருக்கும். இடமாற்றத்தின்போது கோப்புகளோடு சேர்ந்து வராமல் போவதும் அதுதான். ஒப்படைப்புப் பட்டியலில் “எப்படிச் செய்வது” என்ற பகுதிக்குக் கீழே “எப்போது இதை நம்பக்கூடாது, சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது” என்று ஒரு பகுதி இருக்க வேண்டும். பழைய பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும், முதல் சில முறை அவரை அழைப்பது கடமை என்ற குறிப்பும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. அழைப்பது கடமை என்று ஆகிவிட்டால், அழைப்பவருக்குத் தன் திறமையின்மையைக் காட்டிக்கொள்கிறோமோ என்ற கூச்சம் வராது.

நேர்காணலிலும் இதைச் சோதிக்க முடியும். விண்ணப்பதாரருக்கு ஒரு சிறிய தரவுத் தொகுப்பையும் ஒரு கேள்வியையும் கொடுங்கள். அந்தத் தரவைக் கொண்டு அந்தக் கேள்விக்கு முழுமையாக விடையளிக்க இயலாதபடி அமைத்துவிடுங்கள். சிலர் அழகான விடையோடு வருவார்கள். சிலர், “இதுவரை சொல்லலாம், இதற்கு மேல் இந்தத் தரவு தாங்காது, இன்னின்னது கிடைத்தால் சொல்வேன்” என்பார்கள். இரண்டாமவரைத் தயக்கம் உள்ளவர் என்று கழித்துவிடும் நேர்காணல் குழுக்கள் உண்டு. அவர்கள் கழிப்பது, நெருக்கடி நேரத்தில் தங்களுக்கு மிகவும் தேவைப்படப்போகும் ஆளை. தேர்வுக் குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், எல்லா விண்ணப்பதாரர்களிடமும் கேட்டு, கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட்டால் இந்த வேறுபாடு காகிதத்தில் தெரியும். பேசிய பிறகு எழுதினால், உரக்கப் பேசியவரின் கருத்துதான் எல்லோர் தாளிலும் இருக்கும்.

அந்த ஸ்லைடு

இனி ஜனவரி 24-இன் ஸ்லைடுக்கு வருவோம். அதன் தலைப்பு, சோதனைத் தரவுகள் ஓடு துளைபடுவது குறித்த கணிப்பில் பாதுகாப்பு இடைவெளி இருப்பதைக் காட்டுகின்றன என்ற பொருளில் இருந்தது. அதாவது, கிரேட்டர் கணக்கு உண்மையான சேதத்தைக் காட்டிலும் அதிகமாகவே சொல்லும் இயல்புடையது, ஆகவே நிம்மதி கொள்ளலாம் என்பது முதல் செய்தி. அதற்குக் கீழே பெரிய புள்ளிகள், அவற்றுக்குள் சிறிய புள்ளிகள், அவற்றுக்குள் இன்னும் சிறியவை. நடுவில், போதிய ஆற்றலோடு மோதினால் நுரை ஓட்டைத் துளைக்கவும் முடியும் என்ற குறிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், பறப்பு நிலைமை சோதனைத் தரவுகளுக்கு வெகுவாக வெளியே இருக்கிறது என்ற புள்ளியும், 1,920-க்கு எதிராக 3 என்ற எண்களும்.

தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி இந்த ஒரே ஸ்லைடை வரிவரியாக ஆராய்ந்தார். விசாரணை வாரியமும் அந்த ஆய்வைத் தன் அறிக்கையில் எடுத்துக்கொண்டது. குறிப்பிடத்தக்க அளவு என்ற பொருளுள்ள சொல் அந்த ஒரே பக்கத்தில் ஐந்து முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் அளவு எதுவும் சொல்லாமல். ஓர் உயரதிகாரி இதைப் படித்துவிட்டு, உயிருக்கு ஆபத்தான ஒரு நிலைமையைப் பற்றியது இது என்பதை உணராமல் போவது எளிதில் புரிந்துகொள்ளக்கூடியதே என்று வாரியம் எழுதியது. தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பதிலாகப் பவர்பாயின்ட் ஸ்லைடுகளையே எங்கும் பயன்படுத்தும் வழக்கத்தையும் அது கடுமையாகக் குறைகூறியது.

பவர்பாயின்ட் மென்பொருள்மீது பழிபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே செய்தியை ஒரு நீண்ட கட்டுரையின் பதினொன்றாம் பக்கத்திலும் புதைக்க முடியும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. நாம் ஆய்வு செய்த வரிசையிலேயே அதை விளக்கவும் செய்கிறோம்: முதலில் முறை, பிறகு தரவு, பிறகு விளைவு, கடைசியில் வரம்புகள். ஆய்வு செய்தவருக்கு அது இயல்பான வரிசை. முடிவெடுப்பவருக்கோ அந்தக் கடைசிப் பகுதிதான் முதலில் வேண்டும். புள்ளிகளுக்குள் புள்ளிகளாக எழுதும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. உள்ளே தள்ளப்பட்ட ஒவ்வொரு வரியும் முக்கியத்துவம் குறைந்தது என்று கண் எடுத்துக்கொள்ளும்.

அதே ஸ்லைடை இப்படி எழுதியிருக்கலாம்:

*இறக்கையின் சேதத்தைக் கணிக்க நம்மிடம் நம்பத்தக்க முறை இல்லை.*

*மோதிய துண்டு, நம் சோதனைத் துண்டுகளைப் போல் 640 மடங்கு பெரியது. ஓடு துளைபட்டிருக்கலாம். முன்விளிம்பு உடைந்திருக்கலாம். கணக்கால் இல்லையென்று சொல்ல இயலாது.*

*இறக்கையின் படம் வேண்டும். மேலாண்மைக் குழுத் தலைவர் இன்றே பாதுகாப்புத் துறையிடம் கேட்க வேண்டும்.*

கூடுதல் தரவு எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை. பொறியாளர்களிடம் அன்று காலை இருந்த தகவல்தான் முழுவதும். தலைப்பில் முடிவு இருக்கிறது, தெரியாது என்பதே அந்த முடிவு என்றாலும். நடுவில் ஒரே எண். கடைசியில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது. மூன்றாவது பகுதி இல்லாத விளக்கக்காட்சிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். கவலையைச் சொல்லிவிட்டால் மேலதிகாரி தானாகச் செயலில் இறங்குவார் என்று நம்பி நிறுத்திவிடுகிறோம். அவர் “நன்றி, அடுத்து?” என்கிறார்.

உங்கள் அடுத்த விளக்கக்காட்சிக்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஸ்லைடுகளின் தலைப்புகளை மட்டும் தனியாக ஒரு தாளில் வரிசையாக எழுதி, அந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும், உங்கள் பெரிய சந்தேகம் என்ன என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். “சந்தைநிலை”, “தரவு ஆய்வு”, “இதர கருத்துகள்” என்று தலைப்புகள் இருந்தால் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

சுருக்கத்தின் சுருக்கம்

அந்த விளக்கத்தைக் கேட்ட மேலாளர் அதே காலை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாய்மொழியாக அதைச் சுருக்கிச் சொன்னார். ஸ்லைடு அங்கே வரவில்லை, அதைச் செய்த பொறியாளர்களும் பேசவில்லை. 640 மடங்கு என்பதும் வரவில்லை. பேரழிவான சேதம் இல்லை, திரும்பிய பின் சில ஓடுகளை மாற்ற வேண்டியிருக்கும் என்ற அளவில் குழு அதைப் புரிந்துகொண்டு அடுத்த பொருளுக்குப் போனது. மூன்று நாட்களுக்கு முன் நடந்த கூட்டத்திலேயே, சேதம் இருந்தாலும் நாம் செய்யக்கூடியது அதிகமில்லை, எனவே இது பயணத்தைப் பாதிக்கும் விஷயமல்ல என்று குழுத் தலைவர் பேசியிருந்தார்.

இன்னொரு விவரம் என் மனத்தை விட்டுப் போவதில்லை. ஜனவரி 23 அன்று, அதாவது ஆய்வுக் குழு தன் முடிவைச் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே, விண்வெளியில் இருந்த ஹஸ்பண்டுக்கும் மெக்கூலுக்கும் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. நிருபர்கள் கேட்டால் அவர்கள் தடுமாறக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட அன்பான கடிதம் அது. வல்லுநர்கள் படங்களைப் பார்த்துவிட்டார்கள், இதே போன்றதை வேறு பயணங்களிலும் கண்டிருக்கிறோம், திரும்பி வருவது குறித்துக் கவலையே இல்லை என்று அதில் இருந்தது. ஆய்வு முடியும் முன்னரே முடிவு வெளியே போய்விட்டது. ஒருமுறை வெளியே போன முடிவைத் திருத்துவது, புதிதாக முடிவெடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

கூட்டத்தை நடத்துபவர் இந்தச் சங்கிலியை எங்கே வெட்டியிருக்கலாம்? தனக்குக் கிடைப்பது மூன்றாம் கைச் செய்தி என்று தெரிந்தவுடன், செய்தவர்களில் ஒருவரை உள்ளே அழைத்து, “இந்தக் கணிப்பில் உங்களுக்கு மிகக் குறைந்த நம்பிக்கை எதில்?” என்று கேட்டிருந்தால் போதும். “யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?” என்ற கேள்வி அதற்கு ஈடாகாது. முப்பது பேர் முன்னிலையில் அதற்குக் கை தூக்குபவர் தன்னைத் தனிமைப்படுத்திக்கொள்கிறார். பலவீனம் எங்கே என்று கேட்டால், அதைச் சொல்வது எதிர்ப்பாக இராது, கேட்ட கேள்விக்கான பதிலாக ஆகிவிடும். தலைவர் தன் கருத்தை முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். “செய்யக்கூடியது அதிகமில்லை” என்று தலைவரே தொடக்கத்தில் சொல்லிவிட்ட பிறகு, படம் கேட்பவர் வீண் வேலை கேட்பவராகத் தெரிவார்.

காலம் இருந்தது

செய்யக்கூடியது உண்மையிலேயே இல்லையா? விசாரணை வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் நாசா இதைப் பின்னர் ஆராய்ந்தது. கொலம்பியாவில் இருந்தவர்கள் பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கலாம். கரியமில வாயுவை அகற்றும் பொருளின் இருப்பு அந்த எல்லையை வகுத்தது. அடுத்த பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் விண்கலத்தை, தேவையான பாதுகாப்புச் சோதனைகளைக் கைவிடாமலே பிப்ரவரி 10 அளவில் அனுப்பியிருக்கலாம். மிகக் கடினமான மீட்பு, ஆனால் இயலக்கூடியது என்பது முடிவு. அதற்குச் சேதம் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 1 காலை, தரையிறங்கச் சுமார் பதினாறு நிமிடங்கள் இருந்தபோது, டெக்சாஸ் வானில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். ஜூலை 7 அன்று சான் அன்டோனியோவில் நடந்த சோதனையில், அதே எடையும் வேகமும் உள்ள நுரைத் துண்டு, இறக்கை முன்விளிம்பின் எட்டாவது கார்பன் பலகத்தில் சுமார் நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள ஓட்டையைப் போட்டது. நுரை அவ்வளவு சேதம் செய்யுமா என்று அதுவரை நம்ப மறுத்தவர்கள் பலர்.

விபத்துக்கு நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு நாசாவின் நிறுவனப் பண்பாடும் காரணம் என்று வாரியம் எழுதியது. பண்பாடு என்பது பெரிய சொல், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிடும். வாரியத்தின் 29 பரிந்துரைகளில் ஒன்று இந்தத் தயக்கத்துக்கு நல்ல மருந்தாக எனக்குப் படுகிறது. விண்கலத்தின் ஒவ்வொரு பயணத்திலும், சுற்றுப்பாதையில் இருக்கும்போது படமெடுப்பதை வழக்கமான தேவையாக்கும்படி, அமெரிக்காவின் படப் புலனாய்வு முகமையோடு தனக்கு இருந்த ஒப்பந்தத்தை நாசா திருத்த வேண்டும் என்பது அது. அதன் பிறகு படம் வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எந்த வழியாக அனுப்புவது, கட்டாயத் தேவையா, மேலே யார் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விகளும் எழாது. வேண்டாம் என்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். 2005 ஜூலையில் டிஸ்கவரி மீண்டும் பறந்தபோது, இறக்கையின் முன்விளிம்பை ஆராயும் உணர்கருவிகள் பொருத்திய நீண்ட தண்டு ஒன்றையும் உடன் கொண்டுசென்றது. அந்தப் பயணத்திலும் தொட்டியிலிருந்து நுரை பெயர்ந்து விழுந்தது. அதனால் அடுத்த பயணம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது.

உங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் துணிந்து கேட்டால் மட்டுமே நடக்கும் சரிபார்ப்புகள் எவை என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரிய வாடிக்கையாளருக்குப் போகும் விலைப்பட்டியலை இரண்டாவது ஆள் பார்ப்பது, புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மூன்று வேலைகளை மூத்தவர் பார்ப்பது, இறுதி முடிவுக்கு முன் செய்தவரையே அழைத்துக் கேட்பது. அவற்றில் எதையெல்லாம் கேட்காமலே நடப்பதாக மாற்றலாம் என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள்.